ஒரு கட்டமும் வெறுமையாக விடாமல்

விண்ணப்பப் பாரம் நிரப்புவதில் என்னை மிஞ்சப் பதுளையில் ஆளில்லை என்று ஒரு காலத்தில் எனக்குத் திமிர் இருந்தது. அறுபதுகளின் கடைசியில் ஒரு பெரிய தொழிற்சங்கத்தின் பதுளைக் காரியாலயத்தில் எழுத்து வேலை பார்த்தேன். பிரஜாவுரிமை விண்ணப்பம் எழுதிக்கொள்ளத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து ஆட்கள் பஸ் ஏறி என்னைத் தேடி வருவார்கள். ஒரு கட்டம் வெறுமையாகக் கிடந்தால் போதும், விண்ணப்பம் திரும்பி வந்துவிடும். ஒரு குடும்பமே நாடில்லாமல் கிடக்கும். அதனால் எந்தத் தாளிலும் கட்டத்தைக் கண்டால் நிரப்பாமல் விட எனக்குக் கை வராது.

அக்காவைப் பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றில் கட்டிக்கொடுத்திருந்தோம். மச்சான் அங்கே சிவப்புக் கொடிச் சங்கத்தின் தலைவர். அவர்கள் சங்கத்துக்கும் எங்கள் சங்கத்துக்கும் ஆகவே ஆகாது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை நான் போய் நின்றால் கோழி அடிக்காமல் அனுப்பமாட்டார். "தொரைமார் சங்கத்துக்காரன் வந்துட்டான், கறியில காரத்த கூடப் போடு" என்று அக்காவிடம் சொல்லிச் சிரிப்பார். அவர்களுடைய லயத்து வீட்டின் அடுப்படிச் சுவரில் காரை பெயர்ந்து குளிர் உள்ளே வரும். யாரோ சும்மா கொடுத்த சீனப் பத்திரிகையின் வழவழப்பான தாள்களைக் கோதுமை மாப் பசையால் அதன்மேல் ஒட்டியிருந்தார். அதிலிருந்த எழுத்து அவருக்குத் தெரியாது. டிராக்டர் ஓட்டும் பெண்ணின் படத்தை மட்டும் அக்கா அடிக்கடி துடைத்து வைப்பாள்.

அந்த வருஷம் வெளிநாட்டுத் தொழிற்சங்கச் சம்மேளனம் ஒன்று பண்டாரவளையில் எங்கள் தோட்டத் தலைவர்களுக்கு ஐந்து நாள் வகுப்பு வைத்தது. மொழிபெயர்க்க என்னை அனுப்பினார்கள். சுதந்திரத் தொழிற்சங்கம் என்றால் என்ன, கம்யூனிஸ்டுகள் சங்கங்களுக்குள் எப்படிப் புகுகிறார்கள் என்பதுதான் பாடம். கற்பிக்க வந்த வெள்ளைக்காரர் எனக்குத் தன் கையாலேயே தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார். தோட்டத்தில் எந்த வெள்ளைக்காரனாவது அப்படிச் செய்வானா? அந்த ஒரு கோப்பையிலேயே நான் விழுந்துவிட்டேன், வெட்கங்கெட்டவன்.

கடைசி நாள் பயிற்சி என்று ஒரு பாரம் கொடுத்தார்கள். உங்களுக்குத் தெரிந்த ஒரு கம்யூனிஸ்ட்காரரைப் பற்றி எழுதவேண்டும். பெயர், தோட்டம், குடியிருக்கும் காம்பரா இலக்கம், வாசிக்கும் பத்திரிகை, செல்வாக்கு. மற்றவர்கள் பெயரோடு நிறுத்திக்கொண்டார்கள். என்னால் நிறுத்த முடியவில்லை. மச்சானை எழுதினேன். கடல் கடந்து போய் எவனுடைய மேசை லாச்சியிலோ கிடக்கப்போகிற தாள்தானே என்று நினைத்தேன். பத்திரிகைக் கட்டத்தில், அடுப்படிச் சுவர் முழுக்கச் சீனப் பத்திரிகை என்று எழுதினேன். செல்வாக்குக் கட்டத்தில், இவர் ஒரு சொல் சொன்னால் முழுத் தோட்டமும் காலைப் பெரட்டுக்குப் போகாது, வேலைக்கு இறங்காது என்று எழுதினேன். உண்மையைச் சொன்னால், அதை எழுதும்போது மச்சானை நினைத்து எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

சில மாதங்களில் மச்சானின் தோட்டத்தில் கொழுந்து நிறுவையில் அநியாயமாகக் கழிக்கிறார்கள் என்று வேலைநிறுத்தம் வந்தது. அதில் எங்கள் ஆட்கள் சேரக்கூடாது என்று தலைமையகம் ஆங்கிலத்தில் கடிதம் அனுப்பியது. அது சிவப்புக்காரர்களின் சூழ்ச்சியாம். அதைத் தமிழாக்கி அந்தத் தோட்டத்திலிருந்த எங்கள் தலைவருக்கு அனுப்பியதும் நான்தான். எங்கள் ஆட்கள் வேலைக்கு இறங்கினார்கள். இரண்டாம் வாரத்தில் வேலைநிறுத்தம் முறிந்தது. எல்லாரையும் திரும்ப எடுத்தார்கள், மச்சானைத் தவிர. அவருக்குப் பத்துச்சீட்டு கொடுத்து வேலையிலிருந்து நிறுத்தினார்கள். காம்பராவையும் விடவேண்டும்.

அன்றுதான் அவர் முதன்முறையாக எங்கள் காரியாலயப் படியேறினார். அக்கா வாசலிலேயே நின்றாள்; மச்சான் மட்டும் என் மேசைக்கு வந்தார்.

"தொரை ஒரு தாளப் பாத்துப் பாத்துக் கேக்குறாரு மாப்ள. அடுப்படிச் செவுத்துல ஒட்டுன படம் கூடத் தெரிஞ்சிருக்கு. நம்ம அடுப்படிக்கு வெளியாளு எவன் வந்தான்?"

கடல் கடந்திருக்கும் என்று நான் நினைத்த தாள் தொரையின் மேசைக்கு வந்திருந்தது. தெரியாது என்று தலையை ஆட்டினேன். எங்கள் சங்கத்தின் மாவட்டப் பிரதிநிதியிடம் ஓடிக் கெஞ்சினேன். "அவன் நம்ம அங்கத்தவன் இல்லையே" என்று அவர் பைலை மூடினார். உண்மையைச் சொல்லியிருந்தால் வேலை போயிருக்கும், அவ்வளவுதான். அந்த அவ்வளவுக்குப் பயந்தேன்.

மச்சான் இலங்கையிலேயே இருக்கப் பிரஜாவுரிமைக்கு விண்ணப்பித்துக் காத்திருந்தவர். வேலையும் காம்பராவும் போன பிறகு எந்த மண்ணில் நின்று காத்திருப்பது? பிறந்ததிலிருந்து கண்ணால் காணாத இந்தியாவுக்குப் போக எழுதிக் கொடுத்தார். அந்தப் பாரத்தையும் நான்தான் நிரப்பினேன்.

அவர்கள் புறப்பட்ட காலையில் பதுளை ஸ்டேஷன் முழுக்க இந்தியா போகிறவர்களின் அழுகையாகக் கிடந்தது. கோச்சிக்குள் ஏறியபின் மச்சான் ஜன்னலால் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"போறதுக்குக் காரணம்னு ஒரு கட்டம் இருந்துச்சே மாப்ள, அதுல என்ன எழுதுன?"

"சொந்த விருப்பம்னு எழுதுனேன் மச்சான்."

"சொந்த விருப்பமா?" என்றார் அவர். பக்கத்தில் மடியில் மூட்டையோடு இருந்த அக்கா அவர் தோளைத் தொட்டாள்.

"நீங்க பேசாம இருங்க. என் தம்பி எழுதுனா தப்பு வராது."