கழற்றி வைத்த பச்சை ஒயர்

அளவுக் கருவி பொருத்துகிறவனை நல்லது நடக்கும்போது யாரும் கூப்பிடுவதில்லை. எண் நிற்கவில்லை, கோடு நடுங்குகிறது, போன மாதம் நீங்கள் வந்து போனதிலிருந்துதான் இப்படி என்றுதான் போன் வரும். அடுத்தவர் இடத்துக்குப் போய் வேலை செய்து பேச்சு வாங்குகிற எந்தத் தொழிலில் நீங்கள் இருந்தாலும் இது உங்களுக்குப் பழகியிருக்கும். நான் வேலை பார்க்கிற கம்பெனிக்குத் திருப்பதியில் ஆபீஸ். நாட்டின் சந்தையை வெளியாருக்குத் திறந்துவிட்ட பிறகு வெளிநாட்டுக் கருவிகள் வந்து குவிந்தன. அவற்றை நம்மூர் கரண்டோடு சமாதானமாக வாழவைப்பதுதான் என் பிழைப்பு. அதில் நான் செய்த ஒரு காரியத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். அதை மறைத்துவிட்டு மற்றதைச் சொல்ல மனம் வரவில்லை.

வடமாலபேட்டையில் நடுங்கிய கோடு

வடமாலபேட்டைப் பக்கம் ஒரு சின்ன நர்சிங் ஹோம். இதயத் துடிப்பைத் திரையில் காட்டும் மானிட்டர் ஒன்று, அதைக் காகிதத்தில் வரையும் ரெக்கார்டர் ஒன்று. இரண்டையும் ஒரு கேபிளால் இணைத்ததும் திரையில் கோடு ரம்பப் பல் மாதிரி நடுங்கியது. காரணம் எனக்குத் தெரியும். இரண்டும் வேறு வேறு சுவரில், வேறு வேறு எர்த்தில் இருந்தன. ஒரே போர்டுக்கு, ஒரே எர்த்துக்குக் கொண்டுவந்தால் சரியாகிவிடும். ஆனால் அது அரை நாள் வேலை. எனக்கோ மதியம் திருப்பதியில் இன்னொரு இடம் காத்திருந்தது.

மானிட்டரின் பிளக்கைத் திறந்து, பச்சை ஒயரை, அதாவது எர்த் ஒயரைக் கழற்றினேன். நுனியில் டேப் சுற்றி உள்ளேயே மடித்து வைத்து மூடிவிட்டேன். கோடு தெளிந்தது. டாக்டர் கை கொடுத்தார். பெட்டியில் கரண்ட் கசிந்தால் ஆளைத் தொடவிடாமல் மண்ணுக்கு இழுத்துப் போகிற ஒயர் அது என்பது எனக்குத் தெரியாததல்ல. ரெக்கார்டரோடு கேபிள் இருக்கிற வரைக்கும் ரெக்கார்டரின் எர்த் மானிட்டரையும் காப்பாற்றும், அடுத்த வாரம் வந்து ஒழுங்காகச் செய்துகொள்ளலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நர்ஸ் சுலோச்சனா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். தமிழ்நாட்டு எல்லையோரக் கிராமத்தில், கூலி வேலைக்குப் போகிற வீட்டிலிருந்து முதன்முதலாக மாதச் சம்பளத்துக்கு வந்த பெண். நான் பையை மூடும்போது கேட்டார்: "எல்லா ஒயரும் மாட்டிக்கினு இருக்குது, அந்தப் பச்சை ஒயர மட்டும் ஏன் சார் உட்டுட்டீங்க?"

நகரியில் நான் வைத்த சாமி

அடுத்த வாரம் போகவில்லை. நகரியில் ஒரு பவர்லூம் முதலாளி, நூல் எடை பார்க்கிற எலெக்ட்ரானிக் தராசில் எண் நிற்காமல் ஓடுகிறது என்று கூப்பிட்டார். சுற்றிலும் நாற்பது தறியின் மோட்டார். எர்த்தோ பேருக்கு ஒரு கம்பி. கொட்டகைக்குப் பின்னால் குழி வெட்டி, செப்புத் தகடு இறக்கி, கரியும் உப்பும் போட்டு மூடினேன். மண் காய்ந்தால் எர்த் செத்துப்போகும், தினம் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இரண்டு மாதம் கழித்துப் போனால், குழியின் மூடிக்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, செம்பருத்தியும் சாற்றியிருந்தார்கள். முதலாளி தினம் காலையில் குளித்துவிட்டு வந்து தண்ணீர் ஊற்றுவதைப் பார்த்து, தறி ஓட்டுகிற பெண்கள் அது ஏதோ சாமி என்று முடிவு கட்டி, தாங்களும் குடம் எடுத்துவர ஆரம்பித்துவிட்டார்கள். முதலாளியும் சிரித்துக்கொண்டே விட்டுவிட்டார். எனக்கும் முதலில் சிரிப்புதான் வந்தது. அளந்து பார்த்தேன். நான் போட்ட குழிகளில் வேறெதிலும் அவ்வளவு நல்ல எர்த் இல்லை. தராசில் எண் ஆடாமல் நின்றது. குடத்தோடு வந்த தறிக்கார அம்மா ஒருவர் சொன்னது மட்டும் வடமாலபேட்டையை ஞாபகப்படுத்திச் சுருக்கென்று தைத்தது: "நீ வெச்ச சாமிதான் நைனா, வெச்சிட்டு நீ போய்ட்ட, நாங்க ஒரு நாளும் மறக்கல."

ஸ்ரீ சிட்டியில் ஒரு கையெழுத்து

அப்போதும் போகவில்லை. ஸ்ரீ சிட்டியில் தொழிற்சாலைகள் வரிசையாக எழும்பிக்கொண்டிருந்த நேரம். சென்னைப் பக்கமிருந்து கம்பெனி பஸ்களில் ஆட்கள் வந்து இறங்கினார்கள். எங்களுக்கு மூச்சுவிட நேரமில்லை. ஒரு தொழிற்சாலையில் அழுத்தம் அளக்கும் கருவி தாறுமாறாக எண் காட்டியது. சென்சாரின் மெல்லிய ஒயரை மோட்டார் கேபிளோடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள். பிரித்துத் தள்ளிப் போட்டதும் அடங்கிவிட்டது.

வேலை முடிந்ததும் ஒரு படிவம் நீட்டினார்கள். 'பாதுகாப்பு இணைப்பு எதையும் நான் நீக்கவில்லை' என்பது கடைசி வரி. பேனா அங்கேயே நின்றுவிட்டது. திருப்பதிக்குத் திரும்புகிற வழியில்தான் வடமாலபேட்டை. மனசு இருந்தால் அன்று சாயங்காலமே போயிருக்கலாம். திருவள்ளூர்க்கார சூப்பர்வைசர் என் முகத்தைப் பார்த்தார்: "இன்னா சார், இவ்ளோ நேரம் யோசிக்கிறீங்க? இங்க நீங்க எதையும் கழட்டலதானே?"

ஒரு திருகாணி, ஒரு நிமிடம்

கையெழுத்துப் போட்டுவிட்டு நேராகத் திருப்பதிக்கே வந்துவிட்டேன். அடுத்த மாதம் வடமாலபேட்டை டாக்டரே கூப்பிட்டார். ரெக்கார்டர் பழுதாகி ரிப்பேருக்குப் போயிருந்தது. அதோடு அந்த இணைப்புக் கேபிளும் போய்விட்டது. மானிட்டர் எர்த்தே இல்லாமல் நின்றது. உள்ளே ஒயரின் உறை தேய்ந்து, பெட்டி முழுக்கக் கரண்ட் ஏறியிருக்கிறது. தொட்ட சுலோச்சனாவைத் தூக்கிக் கட்டில் மேல் அடித்திருக்கிறது. உயிர் தப்பியது, வலது கையில் இரண்டு விரல் மரத்துப்போய்விட்டது. உள்ளூர் எலக்ட்ரீஷியன் சுவரிலிருந்த சாக்கெட்டைச் சோதித்து, எர்த் நன்றாகத்தான் இருக்கிறது என்றாராம். அப்படியென்றால் ஈரக் கையோடு தொட்டிருப்பாள் என்று முடிவு செய்து, இனி வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

உடனே போனேன். மானிட்டர் இருந்த அறையில் நான் மட்டும்தான். பிளக்கைத் திறந்தேன். நான் சுற்றிய டேப் அப்படியே இருந்தது. ஒரு திருகாணி, ஒரு நிமிடம். பச்சை ஒயரை மாட்டிவிட்டு, பெட்டிக்குள் கோளாறு என்று சொன்னால் யாருக்கும் தெரியாது. அந்தப் பெண்ணுக்கு வேலை திரும்பக் கிடைக்காது, எனக்கு வேலை போகாது. ஸ்குரூ டிரைவரைக் கீழே வைத்துவிட்டு, திறந்த பிளக்கை அப்படியே கொண்டுபோய் டாக்டரின் மேஜை மேல் வைத்தேன். நடந்ததைச் சொன்னேன். அவர் டேப் சுற்றிய நுனியை விரலால் நிமிர்த்திப் பார்த்தார்: "ஏமய்யா, இது நீ பண்ணதா? அந்தப் பொண்ண நான் இன்னா இன்னா பேசி அனுப்பிச்சேன் தெரியுமா உனக்கு?"

மறுபடியும் அதே அறை

டாக்டர் அன்றே சுலோச்சனாவின் வீட்டுக்கு ஆள் அனுப்பி, வேலைக்குத் திரும்ப வரச் சொன்னார். விஷயம் தெரிந்ததும் என் ஆபீஸில் மூன்று மாதம் என்னைக் கருவி பக்கமே விடவில்லை. மானிட்டரைச் சரிசெய்ய வேறு ஆள் போனார், என்னைக் கேபிள் இழுக்கிற ஆட்களோடு அனுப்பினார்கள். அது நியாயம்தான். திரும்ப வந்ததும் முதல் வேலையாக வடமாலபேட்டை போனேன். அன்றைக்கே செய்திருக்க வேண்டிய அரை நாள் வேலையைச் செய்தேன். ஒரே போர்டு, ஒரே எர்த். ரெக்கார்டரும் வந்துவிட்டது, கோடும் நடுங்கவில்லை.

சுலோச்சனாவிடம் மன்னிப்புக் கேட்டேன். "அன்னிக்கே கேட்டேனே சார்" என்றார், அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவர் திட்டியிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். இப்போது ஆறு மாதத்துக்கு ஒருமுறை போகிறேன். சர்வீஸ் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடுவது டாக்டர் இல்லை, சுலோச்சனாதான். பேனாவை இடது கையில் பிடித்துக்கொள்கிறார். ரிப்போர்ட்டை நீட்டினால் வாங்குவதற்கு முன் ஒவ்வொரு முறையும் இதையேதான் சொல்கிறார்: "எல்லாம் சரி சார், பிளக்க தொறந்து பச்சை ஒயர காட்டுங்க, அப்புறம் போடறேன்."

கருவிகளைச் சோதிக்க நான் திருப்பதியிலிருந்து பஸ் ஏறிப் போகவேண்டியிருக்கிறது. என்னைச் சோதிக்கிறவர் வடமாலபேட்டையில் உட்கார்ந்த இடத்திலேயே அதை முடித்துவிடுகிறார்.