பெர்னடெட் அழுத்திப் பார்த்த பொத்தான்

குருநகரில் பெர்னடெட்டுக்குக் கேள்விக்காரி என்று பெயர். சுவாமியாரிடமும் கேட்பாள், மீன் ஏற்ற வரும் லொறிக்காரரிடமும் கேட்பாள். பதில் வரும்வரை விடமாட்டாள்.

போன மாசியில் ஒருநாள் பிரிஜ்ஜின் கைப்பிடியைத் தொட்டதும் விரல்கள் சுரீரென்றன. அவள் போட்ட சத்தத்தில் அடுத்த வீட்டிலிருந்து தம்பி றோய் குறட்டோடு ஓடி வந்தான்.

"விடக்கா, சுவிற்ச் போட்டைக் கழட்டிப் பாக்கிறன்."

"நீ கழட்டலாமோ?"

"எங்கடை வீடுதானே!"

எங்கள் வீடென்றால் எதுவும் செய்யலாமா? மெயினை நிறுத்தி, பிரிஜ்ஜின் பிளக்கைக் கழற்றி வைத்துவிட்டு, மறுநாள் காலை அவள் மின்சார அலுவலகத்துக்குப் போனாள். அங்கிருந்த இளம் உத்தியோகத்தர் ஜெசிதா, பில் பிரச்சினையாக்கும் என்று கணினியைத் தட்டத் தொடங்கினாள்.

"பில் இல்லைப் பிள்ளை. என்ரை வீட்டிலை நான் எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது?"

ஜெசிதா நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள். "உப்பிடி ஒருத்தரும் கேட்டதில்லை அன்ரி."

பிறகு கதிரையை இழுத்துப்போட்டு விளக்கினாள். பல்ப் மாற்றலாம். மேசை விளக்கின் பிளக்கை மாற்றலாம். சுவருக்குள் ஓடும் வயரும் சுவிற்ச் போட்டும் அனுமதி பெற்ற எலக்ரீசியனின் வேலை. மீற்றரின் முத்திரையை அவரும் தொடக்கூடாது.

"ஆனா ஒண்டு நீங்கள்தான் செய்யவேணும். கறண்ட் கசிஞ்சா தானா நிப்பாட்டிற ட்ரிப் சுவிற்சிலை ஒரு சின்னப் பொத்தான் இருக்கும். மாசம் ஒருக்கா அமத்துங்கோ, கறண்ட் நிக்கவேணும்."

பதினெட்டு வருடம் குடியிருந்த வீட்டில் அப்படியொரு பொத்தானை அவள் கவனித்ததே இல்லை. வீடு வந்ததும் மெயினைப் போட்டுவிட்டு அதை அழுத்தினாள். மின்விசிறி சுழன்றுகொண்டே இருந்தது. மறுபடியும் அழுத்தினாள். நிற்கவில்லை. உடனே மெயினை நிறுத்திவிட்டு, அனுமதி பெற்ற எலக்ரீசியன் ஒருவரை அழைத்தாள்.

உரும்பிராயிலிருந்து வந்த எலக்ரீசியன் தேவராசா, நிலத்துக்குள் இறங்கும் ஏர்த் கம்பியைத் தோண்டிப் பார்த்தார். உப்புக்காற்றில் அது துருவாய் உதிர்ந்தது.

"இதுவும் செத்துப்போச்சு, ட்ரிப்பும் செத்துப்போச்சு. நீங்கள் தப்பினதே பெரிய விசயம்."

அவர் இரண்டையும் புதிதாக மாற்றி முடிக்கும்வரை பெர்னடெட் பக்கத்திலேயே நின்று, இந்த வயர் ஏன் பச்சை, அது எங்கே போகுது என்று துளைத்தெடுத்தாள். முதலில் சலித்துக்கொண்ட மனிதர், பிறகு தானாகவே ஒவ்வொன்றையும் காட்டத் தொடங்கினார்.

கடைசியில் அவள் பொத்தானை அழுத்தினாள். டக்கென்று வீடு முழுவதும் அடங்கியது. பெர்னடெட் சின்னப்பிள்ளைபோல் கைதட்டினாள்.

"எங்கடை வீட்டிலையும் அமத்திப் பாப்பமே அக்கா?" என்றான் றோய்.

ஞாயிறு பூசை முடிந்து வந்த பெண்களிடமும் அவள் சொன்னாள். பதினொரு வீடுகளில் அழுத்தினார்கள். நாலு வீடுகளில் மின்சாரம் நிற்கவில்லை. அந்தக் கிழமை முழுவதும் தேவராசாவின் மோட்டார் சைக்கிள் அவர்களின் ஒழுங்கையில்தான் நின்றது.