மாமா எடுத்துக்கொடுத்த பாட்டு

இலங்கைக்குச் சுதந்திரம் வந்து ஏழெட்டு வருஷம் ஆகியிருக்கும். மாத்தளையில் எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்த சங்கீத டீச்சருக்கு ஒரு விசித்திரமான ஆசை. ஒரே நேரத்தில் இரண்டு பாட்டுப் பாட வேண்டும்; இரண்டும் முட்டிக்கொள்ளாமல் பின்னிக்கொண்டு போக வேண்டும். அதற்குப் பேர் 'கவுண்டர்பாயிண்ட்' என்றார். அந்தக் காலத்து ஐரோப்பாவில் சுரத்தைப் புள்ளியாக வைத்து எழுதுவார்களாம். ஒரு புள்ளிக்கு எதிரே இன்னொரு புள்ளி என்று லத்தீனில் சொன்னதுதான் இந்தப் பேராக வந்ததாம். எங்களுக்குப் புள்ளியும் விளங்கவில்லை, லத்தீனும் விளங்கவில்லை.

பரிசளிப்பு விழாவில் பதினைந்து பிள்ளைகள் ஊரறிந்த ஒரு தாலாட்டைப் பாடுவது, மூன்று பேர் அதன் மேலே வேறொரு மெட்டைப் பாடுவது என்று ஏற்பாடு. அந்த மூன்று பேரில் நானும் ஒருத்தி என்றதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. தாலாட்டின் பக்கம் இழுபட்டுவிடக் கூடாது. அது ஒன்றுதான் பயம். ஒரு மாதம் காதைப் பொத்திக்கொண்டு பழகினேன்.

என் மாமா நாவுலப் பக்கம் மிளகு வாங்கி விற்பவர். கோயில் பஜனைக்கு அவர்தான் தலைமை. யாராவது வேறு மெட்டுக்குப் போய்விட்டால் ஜால்ராவை ஓங்கித் தட்டி, தன் குரலாலேயே இழுத்துக்கொண்டு வந்து சேர்ப்பார். தடம் மாறினவரை நடுவழியில் விட்டுவிட்டுப் போவது அவருக்குப் பெரிய பாவம்.

விழாவன்று நாங்கள் மூவரும் எங்கள் மெட்டை எடுத்து இரண்டு வரிகூடப் போகவில்லை, மூன்றாம் வரிசையில் மாமா எழுந்துவிட்டார். அம்மா வேட்டியைப் பிடித்து இழுத்தும் உட்காரவில்லை.

"பாப்பா, பயப்படாத. மாமா எடுத்துக் குடுக்குறேன், பின்னாலயே வா."

சொல்லிவிட்டு, பையிலிருந்து ஜால்ராவை எடுத்துத் தட்டிக்கொண்டு தாலாட்டைப் பாட ஆரம்பித்தார். பிள்ளையைத் தூங்க வைக்கிற பாட்டுக்குச் சபையே நிமிர்ந்து உட்கார்ந்தது. பதினைந்து பேரும் வெலவெலத்து வாயை மூடிக்கொண்டார்கள். என் பக்கத்திலிருந்த இருவரும் அப்படியே. நான் மட்டும் கண்ணை இறுக மூடிக்கொண்டு, அழுகையும் ஆத்திரமுமாக என் மெட்டைப் பாடினேன். அவர் இழுக்க இழுக்க நான் விடவில்லை. இரண்டு பேரும் ஒன்றாகத்தான் முடித்தோம்.

டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டே மேடையை விட்டு இறங்கி வந்து மாமாவைக் கும்பிட்டார். மாமா கூசிப்போனார்.

"எவ்வளவோ இழுத்துப் பாத்தேங்க டீச்சர். புள்ள கடைசி வரைக்கும் வழிக்கு வரல்ல. தப்பா நெனைக்காதீங்க."

நாலு நாள் நான் மாமாவோடு பேசவில்லை. டீச்சர் மேலும் கோபம்தான். ஒரு மாதப் பாட்டைக் கெடுத்தவருக்குக் கும்பிடு வேறா என்று. மற்றவர்கள் எல்லாரும் வாயை மூடிய பிறகு, டீச்சர் கேட்க ஆசைப்பட்டது எங்கள் இரண்டு தொண்டையில் நடந்து முடிந்திருந்தது என்பது எனக்கு அப்போது தெரியாது. மாமாவுக்கு எப்போதுமே தெரியவில்லை. அன்றைக்கு என்னை மீட்க முடியாமல் போனதைச் சொல்லிச் சொல்லிக் கடைசி வரைக்கும் வருத்தப்பட்டார்.