முதல் இருபது நிமிடங்கள்

அம்சவேணிக்கு இயற்கணிதம் எப்போதும் பாதியிலிருந்துதான் தொடங்கும்.

மலைமேல் இருக்கும் தேவனூர் நாட்டைச் சேர்ந்தவள் அவள். நாமக்கல்லில் ஒரு கல்லூரியில் கணிதம் முதலாண்டு. நானும் அதே வகுப்பு. என் ஊர் அவளுக்கு ஒரு நிறுத்தம் மேலே. மாணவர் விடுதியில் எனக்கு இடம் கிடைத்துவிட்டது. மாணவியர் விடுதியில் அவளுக்கு முன்னால் பதினோரு பேர் காத்திருந்தார்கள். அதனால் நான் திங்கட்கிழமை மட்டும் மலையிலிருந்து இறங்குவேன். அவள் தினமும்.

முதல் பஸ் ஆறு மணிக்கு. ஆனால் எங்கள் பக்கம் பஸ் மணி பார்த்துக் கிளம்புவதில்லை, ஆள் பார்த்துக் கிளம்பும். வழக்கமாக வருகிறவர் ஒருவரைக் காணோம் என்றால் ஓட்டுநர் செல்வம் இரண்டு முறை ஹாரன் அடித்துவிட்டு இன்ஜினை நிறுத்திவிடுவார். மரவள்ளி மூட்டை ஏறும்வரை, ஆஸ்பத்திரிக்குப் போகிறவர் மேட்டிலிருந்து இறங்கி வரும்வரை நிற்கும். அம்சவேணிக்காகவும் நின்றிருக்கிறது. எழுபது வளைவும் இறங்கி, சேந்தமங்கலம் தாண்டி அவள் வகுப்புக்குள் வரும்போது ஒன்பது ஐம்பது ஆகியிருக்கும். ஒன்பதரைக்கே அப்பாசாமி சார் வருகைப் பதிவேட்டை மூடியிருப்பார்.

பலகையில் அப்போது கடைசி வரிதான் மிஞ்சியிருக்கும். விடை 2, 3, 5. அவள் அந்த மூன்றையும் வைத்துக்கொண்டு பின்னோக்கிப் போவாள். பெருக்கி, கூட்டி, குறி மாற்றி, சார் தொடக்கத்தில் எழுதி அழித்திருந்த சமன்பாட்டைத் தன் நோட்டில் எழுதிவிடுவாள். ஒருநாள் சார் அதைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"எல்லாரும் கேள்வியப் பாத்து விடை எழுதுவாங்க. நீ விடையப் பாத்துக் கேள்வி எழுதறியே."

"நான் வரும்போது அதுதானுங்க சார் இருக்குது."

உள்தேர்வில் அந்தப் பாடத்தில் அவள்தான் முதல். ஆனால் மதிப்பெண் வேறு, வருகை வேறு. அக்டோபர் கடைசியில் சார் அவளைக் கூப்பிட்டுச் சொன்னார்: "இன்னும் பன்னெண்டு கிளாஸ் இருக்குதும்மா. பன்னெண்டும் நேரத்துக்கு வந்தா ஹால் டிக்கெட் வரும். ஒண்ணு போனாலும் இந்த செமஸ்டரையே மறுபடி படிக்கணும். என் கையில இல்ல."

மறுபடி படிக்க வழியில்லை. அவள் அப்பா ராசப்பன் ஒரே ஒரு வருடத்துக்குத்தான் ஒத்துக்கொண்டிருந்தார். பரீட்சைவரை போனால் படிப்பு, இல்லாவிட்டால் வீட்டோடு. அதற்குமேல் அவரிடம் பேச முடியாது.

அவள் செல்வத்திடம் போய்க் கேட்டாள். "அண்ணா, பன்னெண்டு நாளைக்கு மட்டும் ஆறுக்கே எடுங்கண்ணா."

"எடுத்துட்டாப் போச்சு கண்ணு. ஆறுன்னா ஆறு."

பஸ்ஸில் செய்தி பரவியது. "நம்ம புள்ளைக்குப் பரீட்சை வருதாமா" என்று மூட்டைக்காரர்கள் ஐந்தரைக்கே வந்து உட்கார்ந்தார்கள். "செல்வம் பஸ் ஓட்டறானா, ரயில் ஓட்டறானா?" என்று கேலியும் நடந்தது. பத்து வகுப்புகள். ஒன்றுகூடத் தவறவில்லை. பலகை காலியாக இருப்பதை அந்த நாட்களில்தான் அவள் பார்த்தாள்.

பதினொன்றாவது, ஒரு திங்கட்கிழமை. நான் அவளுக்கு இரண்டு இருக்கை பின்னால் இருந்தேன். ஆறு மணிக்கு பஸ் அவள் ஊரை விட்டு நகர்ந்தது. கண்ணாயி அக்காவைக் காணோம். வலிப்பு வரும் தன் குழந்தையை மாதம் ஒருமுறை நாமக்கல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போகிறவர் அவர். சீட்டுக் கொடுப்பது பத்து மணியோடு முடிந்துவிடும். அடுத்த பஸ்ஸில் போனால் கிடைக்காது.

மரவள்ளிக் காட்டுச் சரிவில் அவர் வருவது தெரிந்தது. இடுப்பில் குழந்தை. ஓட முடியாமல் ஓடி வந்தார். பாதை சுற்றிச் சாலையைத் தொட இன்னும் நேரமாகும். செல்வம் வேகத்தைக் குறைத்தார், நிறுத்தவில்லை. கண்ணாடியில் அம்சவேணியைப் பார்த்தார். பஸ்ஸில் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. நானும்தான்.

அவள் மடியிலிருந்த நோட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"நிறுத்துங்கண்ணா."

கண்ணாயி அக்கா ஏறுவதற்குப் பதினைந்து நிமிடம் ஆனது. குழந்தை வழியிலேயே வாந்தியெடுத்திருந்தது. அம்சவேணி எழுந்து தன் ஜன்னலோர இடத்தைக் கொடுத்தாள். வளைவுகளில் செல்வம் எவ்வளவோ விரட்டிப் பார்த்தார். நாங்கள் வகுப்பு வாசலில் நின்றபோது ஒன்பது நாற்பது.

"இன்னைக்காம்மா?" என்றார் சார்.

"பஸ் லேட்டுங்க சார்."

எனக்கும் அன்று வருகை போயிற்று. எனக்கு வருகை நாள் மிச்சமிருந்தது.

ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவள் கேட்டிருந்த இரண்டாம் பருவப் புத்தகத்தைக் கொண்டுபோனேன். வாசலில் உட்கார்ந்து கொத்துகளிலிருந்து மிளகை உருவிக்கொண்டிருந்தாள். புத்தகத்தை வாங்கித் திறக்காமல் பக்கத்தில் வைத்தாள். கொஞ்ச நேரத்தில் கண்ணாயி அக்கா குழந்தையோடு வந்தார். அவள் படிப்பு ஏன் நின்றது என்று யாரோ அப்போதுதான் அவரிடம் சொல்லியிருக்க வேண்டும்.

"ஏங்கண்ணு, எனக்காகவா உனக்கு இப்படி ஆச்சு?"

"அதெல்லாம் இல்லீங்க்கா. குழந்தைக்கு இப்ப எப்படி?"

அக்கா அழுதார். பிறகு, சொல்லலாமா என்று தெரியாத குரலில் சொன்னார்: "அன்னிக்கு டாக்டரே வரலை கண்ணு. மத்தியானம்வரைக்கும் உக்காந்துட்டுத் திரும்பி வந்துட்டோம்."

அம்சவேணியின் விரல்கள் கொத்தில் நின்றன. அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

"அது நமக்கு எப்படீங்க்கா தெரியும்" என்றாள். முறத்தை நகர்த்தி அக்காவுக்கு உட்கார இடம் விட்டாள். அக்காவும் ஒரு கொத்தை எடுத்து உருவத் தொடங்கினார்.