கரீம் சார் நட்ட காற்றாலை

திங்கட்கிழமை வகுப்பின் நடுவில் தந்தி வந்தது. செஞ்சியில் கரீம் சார் காலமாகிவிட்டார். கரும்பலகையில் எழுதியதைப் பாதியில் விட்டு உட்கார்ந்துவிட்டேன். அழுகை வந்தது, கூடவே அந்தக் காற்றாலை நினைவுக்கு வந்து சிரிப்பும் வந்தது. அவரோடு வேலை பார்த்தவர்களுக்கு இது புரியும்.

எங்கள் பொறியியல் கல்லூரியில் கென்யா, மலேசியா, ஜோர்டான் என்று பல நாட்டு மாணவர்கள். சிவில் படிப்பவன் எலெக்ட்ரிக்கல் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டான். எல்லாத் துறையினரையும் கலந்து, தம் ஊரான செஞ்சியில் ஒரு மாத முகாம் நடத்தியே தீருவேன் என்று மெக்கானிக்கல் ஆசிரியரான கரீம் சார் ஒற்றைக்காலில் நின்றார். ஆங்கில ஆசிரியை என்று என்னையும் இழுத்துப் போனார். "கிராமர் கெடக்கட்டும் மேடம். ஒருத்தர் வேலையில இன்னொருத்தர் தப்பு கண்டுபுடிக்கணும், அத புரியிற மாதிரி இங்கிலீஷ்ல சொல்லணும். அவ்ளோதான் பாடம்" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அப்புறம் நான் எதற்குச் சம்பளம் வாங்குகிறேன்?

ராஜகிரி மலையடிவாரத்தில், அவருடைய அக்காவின் கிணற்றில், காற்றாலை வைத்துத் தண்ணீர் இறைக்க வேண்டும். "எங்க ஊரு காத்து எனக்குத் தெரியாதா?" என்று இடத்தை அவரே காட்டினார். கல்லூரி முதல்வருக்கு முகாமில் நம்பிக்கையே இல்லை. கடைசி நாள் வந்து பார்ப்பதாகவும், உருப்படியாக ஒன்றும் இல்லையென்றால் அடுத்த ஆண்டு முகாம் கிடையாது என்றும் சொல்லியிருந்தார்.

வேலை முடிந்ததே அந்தக் கடைசி நாளுக்கு முந்தின மாலைதான். முதல்வர் வந்தார். காற்றாலை அசையவில்லை. "இன்னாடா கரீமு, ஒரு மாசமா புள்ளைங்க வெயில்ல காய்ஞ்சது இதுக்குத்தானா?" என்றார் அக்கா.

அதுவரை வாயே திறக்காத ஹானி முன்னால் வந்தான். ஜோர்டான்காரன், எலெக்ட்ரிக்கல். குச்சியால் மண்ணில் மலையை வரைந்தான். காற்று வருவது மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து, மலை அதை மறைக்கிறது, கோபுரமும் இறக்கையும் சரி, சார் காட்டிய இடம்தான் தவறு என்று தட்டுத்தடுமாறி ஆங்கிலத்தில் சொன்னான். சார் உள்ளூர்க்காரர் என்பதால், அதுவரை அந்த இடத்தின் மேல் எங்களில் யாருக்கும் சந்தேகமே வரவில்லை.

சார் கோபப்படுவார் என்று நினைத்தேன். கரீம் சாரோ கைதட்டினார்! "கேட்டீங்களா சார்? எலெக்ட்ரிக்கல் பையன்! நான் பண்ண தப்ப என் மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டான். இதுக்கு மேல இன்னா சார் பரீட்சை வேணும்?"

முதல்வர் குனிந்து மண்ணில் இருந்த படத்தைப் பார்த்தார். "சரி. அடுத்த வருஷம் எடத்த மட்டும் அந்தப் பையன் பாக்கட்டும்" என்றார்.

கரீம் சாரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது ஒன்றுதான். மாணவர் யாராவது என் தவறைச் சொன்னால் இன்றும் முதலில் சுருக்கென்கிறது. ஆனாலும், "இன்னொரு தரம் சத்தமாகச் சொல், எல்லோரும் கேட்கட்டும்" என்று சொல்லிவிடுகிறேன்.