நடக்கப் போகிறேன் என்று சொல்ல

எட்டாம் வகுப்பு வரை நான் ஓட்டக்காரி. நானூறு மீட்டரில் மாவட்டப் போட்டிக்குப் பெயர் கொடுத்திருந்தார்கள். அதற்குள் வயதுக்கு வந்துவிட்டேன். விளையாட்டு டீச்சர் வீட்டுக்கே வந்து கேட்டார். அம்மா அவருக்குக் காப்பி கொடுத்துவிட்டு, "இனிமே வேணாங்க டீச்சர். கட்டிக் குடுக்கற வரைக்கும் நாலு பேர் வாய்க்கு பயந்துதான இருக்கணும்" என்றாள். கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன்.

பிறகு ஆம்பூரில் ஷூ கம்பெனி வேலை. இருபத்தாறு வருடம் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்தேன். உடம்பைப் பற்றி நினைக்க நேரமில்லை என்பதைவிட, நினைக்கத் தோன்றவில்லை என்பதே உண்மை.

நாற்பத்தைந்தில் சர்க்கரை வந்தது. தினமும் அரை மணி நேரம் நடக்கச் சொன்னார் டாக்டர். முதல் நாள் தெருமுனையைக்கூடத் தாண்டவில்லை; டீக்கடையிலிருந்து ஒருவர், "இன்னாக்கா, காலங்காத்தால எங்க கிளம்பிட்ட?" என்று கேட்டார். நடக்கப் போகிறேன் என்று சொல்ல வாய் வரவில்லை. "பால் வாங்க" என்றேன். மறுநாளிலிருந்து கையில் ஒரு காலிப் பையோடு நடந்தேன். இரண்டு வாரத்தில் அதுவும் நின்றுபோனது.

அந்த வருடம் எதிர்வீட்டு பாய் மாரடைப்பில் இறந்துபோனார். அவர் மனைவி நான்கு மாதமும் பத்து நாளும் கணவனுக்காகத் துக்கம் காக்கும் இத்தாவில் இருந்தார், வாசலைத் தாண்டவில்லை. அது முடிந்த வாரம் பார்க்கப் போனேன். சுவரைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தார்.

"உக்காந்து உக்காந்து முட்டி புடிச்சிக்கிச்சிக்கா. நீங்க நடக்கப் போவீங்களே, நானும் வரட்டா?"

"நான் உட்டுட்டேம்மா. பாக்கறவங்க ஒரு மாதிரி பாக்கறாங்க."

"ரெண்டு பேரா போனா யாரும் கேக்க மாட்டாங்க" என்றார். பிறகு, "அவரையும் டாக்டர் நடக்கத்தான் சொன்னாரு. கடைய யாரு பாத்துக்கறதுன்னே நாளைத் தள்ளிட்டாரு" என்று சொல்லி அழுதார்.

மறுநாள் விடியலில் அரசுப் பள்ளி மைதானத்துக்குப் போனோம். புர்கா காலில் தடுக்காமல் ஒரு கையால் தூக்கிப் பிடித்தபடி நடந்தார். மூன்று சுற்று நிற்கவே இல்லை. நான்காவதில் மூச்சு வாங்க நின்று, "நாளைக்கும் வர்லாமா?" என்றார்.

மூன்று வருடம் ஆகிறது. என் சர்க்கரை குறைந்திருக்கிறது, போகவில்லை. அவருக்கு இடது முட்டி மோசமாகிவிட்டது. ஒரு சுற்றோடு படிக்கட்டில் உட்கார்ந்துவிடுகிறார். நான் மீதியை முடிக்கும்வரை காத்திருப்பார். பிறகு என் தோளைப் பிடித்துக்கொண்டு மெல்ல வீடு திரும்புவார்.