கீழ் வரிசை மட்டும்

எங்க வீட்டுக்காரர் சுந்தர்ராஜுக்கு ரெண்டே விஷயத்துலதான் பெருமை. ஒண்ணு, பேரணாம்பட்டு டேனரியில அவரு சதை சீவுற மிஷின்ல நின்னா தோல்ல ஒரு கீறல் விழாது. இன்னொண்ணு, ஈஸ்டர் விடியக்காலையில எங்க சபை கல்லறைத் தோட்டத்துல அவரு ஊதுற ட்ரம்பெட். மூணாவதா வீம்பையும் சேர்த்துக்கலாம். ஆனா அது தனக்கு இருக்குன்னு ஒத்துக்கவே மாட்டாரு.

நான் ஜெயபுஷ்பம். ஆம்பூர்ல ஷூ கம்பெனியில அப்பர், அதாவது ஷூவோட மேல்பாகம், தைக்கிறேன். இந்த மனுஷனோட இவ்ளோ நாள் குடித்தனம் பண்ணதுக்கே எனக்கு ஒரு மெடல் குடுக்கணும்.

ஈஸ்டருக்கு எங்க சபையில ஒரு பழக்கம். இருட்டோட எழுந்து போய் கல்லறைங்க நடுவுல நிப்போம். கையில மெழுகுவத்தி இருக்கும், ஆனா ஏத்தக் கூடாது. பக்கத்துல நிக்கறவங்ககிட்ட பேசவும் கூடாது. ட்ரம்பெட் சத்தம் எழும்பி மேல ஏறி அங்கியே நிக்கும். அப்புறம்தான் முதல் மெழுகுவத்தி எரியும், "இயேசு உயிர்த்தெழுந்தார்"னு ஒருத்தருக்கு ஒருத்தர் வாழ்த்து சொல்லுவோம். எங்க அம்மாவையும் அங்கதான் அடக்கம் பண்ணியிருக்கு. அந்த சத்தம் கேட்டாதான் எனக்கு ஈஸ்டரே.

போன வருஷம் அறுப்பின் பண்டிகையில அந்த சத்தம் உடைஞ்சு போச்சு. மேல ஏறும்போது கீச்சுன்னு வழுக்கி இறங்கிடுச்சு. முன்வரிசையில சின்னப் பசங்க சிரிச்சிட்டாங்க. கமிட்டியில ஒருத்தர் நல்லதா நெனச்சே சொன்னாரு: "இந்த ஈஸ்டருக்கு வேணா ட்ரம்பெட்டை ரெக்கார்டு பண்ணி ஸ்பீக்கர்ல போட்டுக்கலாம், சுந்தர்ராஜ்." இவரு "பாக்கலாம்"னு தலையை ஆட்டிட்டு வந்துட்டாரு.

காரணம் எனக்குத் தெரியும். கீழ முன்பல்லு ரெண்டு ஆடுது. ட்ரம்பெட்டை உதட்டுல அழுத்தினா வலி உயிர் போவுது. காலையில பல்லு தேய்ச்சுத் துப்பினா வாஷ்பேசின் ரோஸ் கலர்ல ஆயிடும். கேட்டா, "பேஸ்ட்டு கலரு"ம்பாரு. நாங்க வாங்கறது வெள்ளை பேஸ்ட்டு. ஞாயித்துக்கிழமை பிரியாணியில கறியெல்லாம் என் தட்டுல தள்ளிட்டு குஸ்காவை மட்டும் முழுங்குவாரு. பாசம்னு நானும் கொஞ்ச நாள் ஏமாந்தேன்.

அவங்க டேனரிக்கு வருஷா வருஷம் பல் டாக்டருங்க வந்து கேம்ப் போடுவாங்க. அன்னிக்குன்னு பார்த்து இவருக்கு சுண்ணாம்புத் தொட்டிப் பக்கம் அவசர வேலை வந்துடும். ஏன்னா பாண்டுக்காரங்ககிட்ட ஒரு பேச்சு இருக்கு, ஊதறவன் பல்லை டாக்டர் தொடக் கூடாதாம். இவருக்கு முன்னால ஊதின தேவசகாயம் மாஸ்டர் பல்லை கிளீன் பண்ணிக்கப் போய், மாசத்துக்குள்ள நாலு பல்லு விழுந்து, ட்ரம்பெட்டையே மூட்டை கட்டி வெச்சிட்டாராம். இதை இவருக்கு ஓதினது டிரம் அடிக்கிற எலியாஸ். டிரம் அடிக்கிறதுக்கு பல்லு எதுக்குன்னு எலியாஸை யாரும் கேட்கல.

நான் கெஞ்சிப் பார்த்தேன், திட்டிப் பார்த்தேன். ஒண்ணும் வேலைக்கு ஆவல. கடைசியில ஒருநாள் சோறு போட்டுக்கிட்டே சும்மா கேட்டேன்.

"தோல்ல சதை ஒட்டியிருந்தா இன்னாங்க ஆகும்?"

"இன்னா ஆகும், அடியிலேர்ந்து அழுவிடும். மேல பாத்தா நல்லாதான் இருக்கும். கை வெச்சா பிஞ்சிக்கினு வரும்."

"உங்க பல்லுல ஒட்டிக்கிட்டிருக்கறதை இன்னா பண்றது?"

மனுஷன் கையில எடுத்த சோத்தை அப்படியே தட்டுல வெச்சிட்டாரு. மறுநாள் சாயங்காலம் கிளம்பினோம்.

ஆம்பூர் பஜார்ல அஃப்ஷா டாக்டர் கிளினிக். வாணியம்பாடிப் பொண்ணு, சின்ன வயசு, பொறுமைசாலி. வாயைத் திறக்கச் சொல்லி, கண்ணாடி விட்டுப் பார்த்துட்டு சொல்லிச்சு: "அங்கிள், பல்லுல குத்தமில்ல. சுத்திலும் அழுக்கு காரையா கெட்டியாப் புடிச்சு ஈறை வீங்க வெச்சிருக்கு. அதான் ரத்தம், அதான் ஆட்டம். இன்னும் எலும்பு ஜாஸ்தி கரையல. வருஷா வருஷம் காட்டியிருந்தா இவ்ளோ தூரம் வந்திருக்காது."

"தேவசகாயம் மாஸ்டருக்கு கொட்டிடுச்சே?"

"அவரு பல்லெல்லாம் நல்லா ஆட ஆரம்பிச்ச அப்புறம் போயிருப்பாரு அங்கிள்."

மிஷின் ஓடிச்சு. தண்ணி பீச்சிச்சு. நான் வெளியில பெஞ்சுல உட்கார்ந்து, அப்பாடான்னு மூச்சு விட்டேன். கொஞ்ச நேரத்துல கதவு படார்னு திறந்துச்சு. கழுத்துல கட்டின பச்சைத் துணியோடவே எங்க வீட்டுக்காரர் என்னைத் தாண்டி பஜார்ல இறங்கி நடக்கறாரு. வாய் கொப்பளிச்சுத் துப்பினப்போ பழுப்பா ஒரு துண்டு விழுந்துச்சாம். பல்லு போச்சுன்னு முடிவு பண்ணிட்டாரு.

டாக்டர் வாசல் வரைக்கும் ஓடி வந்துச்சு, சிரிப்பை அடக்க முடியல. "ஆன்ட்டி, அது காரை, பல்லு இல்ல. கீழ் வரிசை முடிஞ்சிடுச்சு. மேல் வரிசை பாக்கி இருக்கு. கோவம் தணிஞ்சதும் கூட்டிக்கிட்டு வாங்க."

வீட்டுக்கு வந்து கண்ணாடியில எண்ணிப் பார்த்தாரு. எல்லாப் பல்லும் இருந்துச்சு. அப்பவும் விடல. "சந்து விழுந்துடுச்சு, காத்து போவுது"ன்னு நாக்கால தடவிக்கிட்டே இருந்தாரு. ட்ரம்பெட்டை எடுத்து ஊதினாரு. புஸ்ஸுன்னுச்சு. துண்டுல சுத்திப் பரண்ல போட்டுட்டு, கமிட்டிக்கு போன் போட்டாரு. "ஸ்பீக்கரே வெச்சிக்கங்க."

ஈஸ்டருக்கு மூணு வாரம்தான் இருந்துச்சு. என்னோட பேச்சை நிறுத்திட்டாரு. சோறு வேணும்னா சுவத்தைப் பார்த்து "சோறு"ம்பாரு. சுவரா போடும்? நான்தான் போட்டேன். வெளியில முகத்தைத் தூக்கி வெச்சிக்கிட்டாலும் உள்ளுக்குள்ள பயம்தான். அவரு உசுரே அந்த ஒரு சத்தத்துலதான் இருக்கு. நான் இழுத்துக்கிட்டுப் போய் கெடுத்துட்டேனோன்னு கம்பெனியில தைக்கும்போதுகூட கண்ணுல தண்ணி வந்துச்சு.

பத்து நாள் போல ஆயிருக்கும். காலையில வாஷ்பேசின்கிட்டேர்ந்து குரல் வந்துச்சு. "புஷ்பம், இங்க வா."

போனேன். உதட்டைக் கீழ இழுத்துக் காட்டினாரு. ஈறு வீக்கம் வத்தி, பல்லை இறுக்கிப் புடிச்சிருந்துச்சு. விரலை வெச்சு ஆட்டினாரு, அதிகமா அசையல. அப்புறம் மேல் உதட்டைத் தூக்கிக் காட்டினாரு. அங்க இன்னும் செக்கச்செவேல்னு புசுபுசுன்னு இருந்துச்சு. பிரஷ்ஷுல பட்டிருந்த ரத்தமும் மேல் வரிசையிலேர்ந்துதான்.

"கீழ இருக்கறது ஃபினிஷிங் ஆன தோலு. மேல இன்னும் பதம் பண்ணாத பச்சைத் தோலு"ன்னு இன்ஸ்பெக்டர் கணக்கா சொன்னாரு. பாதியில ஓடி வந்ததாலதான் வித்தியாசமே தெரிஞ்சுதுன்னு வேற சேர்த்துக்கிட்டாரு. மீசையில மண்ணு ஒட்டாத மனுஷன்.

அந்தப் பச்சைத் துணியை நான் துவைச்சு இஸ்திரி போட்டுக் குடுத்தேன். தானே பஜாருக்குப் போய், தானே நாற்காலியில படுத்து, மேல் வரிசையையும் முடிச்சிக்கிட்டு வந்தாரு. அன்னிக்கே பரண் மேல ஏறினாரு. முதல்ல புஸ்ஸுதான். நாலு நாள்ல சத்தம் கொஞ்சம் நிமிர்ந்துச்சு. ஆனா மேல ஏறுற அந்த இடத்தை மட்டும் வீட்டுல ஊதவே மாட்டேன்னுட்டாரு. வருமான்னு அவருக்கே தெரியல.

ஈஸ்டர் அன்னிக்கு இருட்டோட போனோம். தானே ஊதறேன்னு கமிட்டிக்கு மறுபடி போன் போட்டிருந்தாரு. ஆனாலும் கேட்டுப் பக்கம் ஸ்பீக்கர் தயாரா நின்னுச்சு, எதுக்கும் இருக்கட்டும்னு. எல்லாரும் கல்லறைங்க நடுவுல பேசாம நின்னாங்க. அவரு ட்ரம்பெட்டை உதட்டுல வெச்சாரு. நான் எங்க அம்மா கல்லறையோட சிலுவையைக் கெட்டியாப் புடிச்சிக்கிட்டேன்.

சத்தம் எழும்பிச்சு. ஏறிச்சு. வழுக்கின அந்த இடத்துக்கு வந்துச்சு, தாண்டிச்சு, மேல போய் நின்னுச்சு. அப்படி ஒரு நிப்பு. மூச்சு தீர்ற வரைக்கும் நின்னு, பதமா இறங்கிச்சு. மெழுகுவத்தி ஒண்ணு எரிஞ்சுது, அப்புறம் பக்கத்துல, அப்புறம் தோட்டம் பூரா. எல்லாரும் வாழ்த்து சொல்றாங்க, நானும் சொன்னேன். சந்தோஷத்துல அழுதேன், மறைக்கவும் இல்ல.

ஆராதனை முடிஞ்சு டீயும் பன்னும் குடுத்தாங்க. எலியாஸ் பன்னை ஒரு பக்கத்துப் பல்லால மட்டும் கடிச்சிக்கிட்டே வந்தாரு. "அந்த டாக்டர் கிளினிக் எங்க இருக்கு, சுந்தர்ராஜ்?"

இவரு அவசரமே படாம டீயை உறிஞ்சினாரு. "தோல்ல சதை ஒட்டியிருந்தா இன்னா ஆகும், எலியாஸ்?"

என் கேள்விதான். தன்னோடதாட்டம் கேட்டாரு பாருங்க. நான் முறைச்சேன். அவரு என் பக்கம் திரும்பினாரு.

"ஆறு மாசத்துக்கு ஒருவாட்டி காட்டணும்னு டாக்டர் சொல்லியிருக்கு. உனக்கும் சொல்லி வெச்சிட்டேன். வர்ற சனிக்கிழமை."

"எனக்கு எதுக்குங்க? நல்லாதான இருக்கு."

"நூலைப் பல்லால கடிச்சிக் கடிச்சி அறுக்கறியே, நான் பாக்கலைன்னு நெனச்சியா? இதுவரைக்கும் எந்த டாக்டர்கிட்ட பல்லைக் காட்டியிருக்க?"

பல்லு வெளிய தெரியக் கூடாதுன்னு சட்டுனு உதட்டை மூடிக்கிட்டேன். எலியாஸ் சிரிச்ச சிரிப்புக்கு அவரு பன்னை நான் புடுங்கியிருக்கணும்.

சனிக்கிழமை அந்த நாற்காலியில நான் வாயைத் திறந்துக்கிட்டுப் படுத்திருந்தேன். கழுத்துல அதே பச்சைத் துணி. மிஷின் சத்தம் கேட்டதும் கால் தானா தரையைத் தேடிச்சு. அப்பதான் வாசலைப் பார்த்தேன். வழியை மறிச்சிக்கிட்டு எங்க வீட்டுக்காரர் நின்னுக்கிட்டிருந்தாரு. நான் பாதியில ஓடிடக் கூடாதாம்.